நாலு பேருக்குச் சொல்லும் முன்: அறிவுரையும் ஆதாரமும் பற்றிச் சில கேள்விகள்

21 நாள் விடாமல் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்கிறார்களே, நான் ஒரு மாதம் தாண்டியும் தினமும் காலை நடைக்கு என்னோடு மல்லுக்கட்டித்தான் கிளம்புகிறேன். கோளாறு என்னிடமா?

உங்களிடம் இல்லை, அந்தக் கணக்கில்தான். மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் சர்ஜன் 1960-இல், அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்குத் தங்கள் புது முகம் பழகக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று எழுதினார். வாய்மாறி வந்ததில் ‘குறைந்தது’ விழுந்துவிட்டது, முகம் போய் எல்லாப் பழக்கமும் வந்து ஒட்டிக்கொண்டது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியின் குழு 96 பேரை 12 வாரம் கவனித்துப் பார்த்தது. ஒரு செயல் தன்னால் நடக்க ஆரம்பிக்க நடுமதிப்பாக (பாதிப் பேருக்கு இதைவிடக் குறைவு, பாதிப் பேருக்கு அதிகம்) 66 நாள் ஆகிறது, ஆளுக்கும் செயலுக்கும் தக்கபடி அது 18 முதல் 254 நாள் வரை போகும் என்று கணக்கிட்டார்கள். தண்ணீர் குடிப்பது மாதிரி சின்ன வேலைகள் சீக்கிரம் படிந்தன, உடற்பயிற்சி இழுத்தது. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிதாக ஒன்றும் கெட்டுவிடவில்லை. அதனால் நாட்களை எண்ணுவதை விடுங்கள். பல் துலக்கியதும் ஷூ மாட்டுவது என்று, தினமும் தவறாமல் நடக்கும் ஒன்றோடு நடையைக் கோத்துவிடுங்கள்.

அக்கா, எனக்குப் பலன் கொடுத்ததைத்தான் சொன்னேன். “ஆதாரம் எங்கே?” என்று கேட்டு வாயடைத்துவிட்டார்கள். அனுபவம் ஆதாரம் இல்லையா?

அனுபவம் நல்ல தொடக்கம், தம்பி. ஆனால் அதை மட்டும் வைத்து அடுத்தவருக்கு ‘செய்’ என்று சொல்ல முடியாது. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், வருகிற சண்டைகளில் பாதி இங்கேதான் தொடங்குகிறது.

நாம் எப்போது புது வைத்தியம் தேடுகிறோம்? வலியோ மனச்சோர்வோ உச்சத்தில் இருக்கும்போது. உச்சத்தில் இருப்பது பெரும்பாலும் தானாகவே கொஞ்சம் இறங்கும், அந்த நேரத்தில் கையில் எது இருந்ததோ அதற்கு நல்ல பெயர் கிடைத்துவிடும். சளியை எடுத்துக்கொள்ளுங்கள். பிடித்த பிறகு வைட்டமின் சி சாப்பிட்டு ஒரு வாரத்தில் சரியானவர் அதைத்தான் புகழ்வார், ஆனால் சாப்பிடாதவருக்கும் ஏறக்குறைய அதே ஒரு வாரம்தான். பரிசோதனைகளைத் தொகுத்துப் பார்த்ததில், சளி தொடங்கிய பிறகு எடுத்துக்கொள்வதால் உறுதியான பலன் தெரியவில்லை. தினமும் முன்கூட்டியே எடுத்து வந்த பெரியவர்களுக்குச் சளி இருக்கும் காலம் சுமார் 8 சதவீதம் குறைந்தது, அவ்வளவுதான். அப்புறம் இன்னொன்று: செய்து பார்த்துப் பலன் கிடைக்காதவர் எழுந்து வந்து சொல்வதில்லை, பேசாமல் அடுத்ததற்குப் போய்விடுவார். நம் காதில் விழுவதெல்லாம் பலித்த கதைகள்.

இதனால் நீ வாயை மூடிக்கொள்ள வேண்டியதில்லை. “எனக்கு இப்படி இருந்தது, இதைச் செய்தேன், இத்தனை நாளில் மாறியது, அதே சமயம் தூக்கத்தையும் சரி செய்தேன், எது வேலை செய்தது என்று தெரியவில்லை” என்று முழுசாகச் சொல். கேட்பவர் எடைபோட அது போதும்.

மகள் பாடம் முழுவதையும் மஞ்சள் பேனாவால் கோடிட்டு ஐந்தாறு முறை படிக்கிறாள். பரீட்சையில் மறந்துவிடுகிறது.

திரும்பத் திரும்பப் படித்தால் தெரிந்த மாதிரி ஒரு உணர்வு வரும், அதுதான் ஏமாற்றுகிறது. ரோடிகர், கார்ப்பிக் என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் 2006-இல் வெளியிட்ட சோதனையில், ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மறுபடி படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழ், பார்க்காமல் நினைவுகூர்ந்து எழுதியவர்கள் தெளிவாக முன்னால் நின்றார்கள். ஒரு பக்கம் படித்ததும் புத்தகத்தை மூடச் சொல்லுங்கள். வெற்றுத் தாளில் ஞாபகம் இருப்பதை எழுதட்டும், பிறகு புத்தகத்தைத் திறந்து, விடுபட்டதை மட்டும் சிவப்பில் சேர்க்கட்டும். இரண்டு நாள் கழித்து அதே பக்கத்தை மறுபடி இப்படியே. முதலில் அவளுக்கு எரிச்சலாக இருக்கும், மஞ்சள் கோட்டில் இருந்த சுகம் இதில் இல்லை. அதற்காக விட்டுவிடாதீர்கள்.

மன உறுதி பேட்டரி மாதிரி தீர்ந்துபோகும் என்று ஓர் ஆய்வைக் காட்டி எல்லோருக்கும் சொல்லி வந்தேன். இப்போது அது பொய் என்கிறார்கள்.

பொய் என்பது அதிகம், ஆட்டம் கண்டுவிட்டது என்பது சரி. 1998-இல் வந்த கருத்து அது. 2016-இல் 23 ஆய்வகங்கள் ஒரே முறையில், 2,000-க்கும் மேற்பட்டவர்களிடம் அதைச் சோதித்துப் பார்த்தபோது விளைவு கிட்டத்தட்ட பூஜ்யம். யாரிடம் சொன்னீர்களோ அவர்களிடமே போய் “அந்தக் கருத்து மறுபடி சோதித்தபோது நிற்கவில்லை” என்று சொல்லிவிடுங்கள், ஒரு வரி போதும்.

கணவரை இழந்த தோழிக்கு என்ன சொல்வது? துக்கத்தைப் பற்றி நிறையப் படித்து வைத்திருக்கிறேன்.

படித்ததை இப்போது எடுக்காதீர்கள். நடந்ததை உடனே கொட்டித் தீர்த்தால் மனம் ஆறிவிடும் என்று பலரும் நம்புகிறோம். அதிர்ச்சியான சம்பவங்களுக்குப் பின் ஒரே அமர்வில் எல்லாவற்றையும் பேச வைத்துப் பார்த்த பரிசோதனைகளில், அது பிற்கால மனநோயைத் தடுப்பதாகத் தெரியவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2011-இல் வெளியிட்ட உளவியல் முதலுதவி வழிகாட்டியும், யாரையும் பேசச் சொல்லி வற்புறுத்தாதே என்றுதான் சொல்கிறது. அவராகப் பேசினால் கேளுங்கள், பேசாவிட்டால் பக்கத்தில் இருங்கள். “ஏதாவது வேண்டுமென்றால் சொல்” என்றால் அவர் சொல்லமாட்டார். “சனிக்கிழமை பிள்ளைகளை நான் பார்த்துக்கொள்கிறேன், பேங்க் பேப்பர்களை எடுத்து வை, சேர்ந்து பார்ப்போம்” என்று சொல்லிவிட்டு, சனிக்கிழமை போய் நில்லுங்கள்.