நக்கிளில் வெல்டு வைக்கலாமா? கேட்டவர்களுக்கு என் பதில்கள்

இருபது வருடமாக ஆக்சில் வேலை பார்க்கிறேன். நக்கிள் என்பது ஆக்சில் முனையில் முன்சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் துண்டு. வெல்டிங், அலைன்மெண்ட் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

அண்ணா, ஜீப்பை நாலு இஞ்ச் தூக்கினேன். ரோட்டில் அலைகிறது, ஸ்டீயரிங் தானாகத் திரும்பி வருவதில்லை. ஆக்சில் குழாயின் முனையில் நக்கிளைப் பிடித்திருக்கும் 'சி' வடிவத் துண்டை அறுத்துச் சுழற்றலாமா?

சுழற்றலாம் தம்பி. தூக்கியதில் காஸ்டர் (நக்கிள் திரும்பும் அச்சின் பின்சாய்வு) போய்விட்டது. 'சி'யை மட்டும் திருப்பினால் பினியன் கோணம் (டிரைவ் ஷாஃப்ட் ஆக்சிலில் சேரும் கோணம்) கெடாமல் காஸ்டர் திரும்பக் கிடைக்கும். முதலில் பால் ஜாயின்ட், சீல் எல்லாவற்றையும் கழற்று. பழைய வெல்டை மட்டும் கிரைண்டரில் எடு, குழாயில் கல் படக்கூடாது. இரண்டு பக்கமும் காஸ்டர் ஒரே அளவாக 5, 6 டிகிரி வரும்படி வைத்து, நாலு இடத்தில் டாக் (சின்னப் புள்ளி வெல்டு) அடித்து, மறுபடி அள. 'சி' வார்ப்பு எஃகாக இருந்தால் 200 டிகிரிக்குச் சூடாக்கி, ராடு காய வைக்கும் அடுப்பில் இருந்து எடுத்த 7018 வெல்டிங் ராடில் ஓட்டு. இரண்டு இஞ்ச் ஓட்டியதும் எதிர்ப்பக்கம் மாறு. ஒரே பக்கமாக ஓட்டினால் குழாய் வளையும். முடித்ததும் காய்ந்த மணலில் மூடி விடியும்வரை விட்டுவிடு. தண்ணீர் ஊற்றாதே.

வார்ப்பு எஃகா, எஸ்.ஜி. அயர்ன் என்ற வார்ப்பிரும்பா, எப்படிக் கண்டுபிடிப்பது?

சுத்தியலால் தட்டிப் பார்த்து நம்பாதீர்கள், எஸ்.ஜி.யும் மணி மாதிரி ஒலிக்கும். கிரைண்டர் பொறியைப் பாருங்கள். எஃகின் பொறி வெளிர் மஞ்சளாக நீளமாய்ப் போய்க் கிளை பிரியும். எஸ்.ஜி. பொறி குட்டையாக, கல் பக்கத்தில் சிவந்து இருக்கும்.

டை ராடை (இரு முன்சக்கரங்களையும் இணைக்கும் கம்பி) மேலே ஏற்ற, நிக்கல் ராடு போட்டு நக்கிளில் ஸ்டீயரிங் ஆர்மை (டை ராடு மாட்டும் கை) வெல்டு வைக்கலாமா?

வேண்டாம்.

ஜிப்ஸி 60 கி.மீ. வேகத்தில் உதறுகிறது. நக்கிளை வலுப்படுத்த வேண்டுமா?

இதற்கு வெல்டிங் எதற்கு? கிங் பின் (நக்கிள் திரும்பும் அச்சு) பேரிங் இறுக்கத்தை ஸ்பிரிங் தராசில் இழுத்துப் பாருங்கள், ஷிம் (இடையில் வைக்கும் மெல்லிய தகடு) மாற்றவேண்டி வரும்.

டிக் வெல்டிங்கில் ஆர்மை ஒட்டினால்?

மேலே சொன்ன பதில்தான். மிக், டிக், நிக்கல், எதிலுமே வேண்டாம்.

எங்கள் மேஸ்திரி வைத்த ஆர்ம் எட்டு வருடமாக ஓடுகிறது. நீங்கள் ஏன் பயமுறுத்துகிறீர்கள்?

பயப்படத்தான் வேண்டும் சார். நக்கிள் பெரும்பாலும் எஸ்.ஜி. அயர்ன், அதில் கார்பன் மூன்று சதவீதத்துக்கு மேல். வெல்டை ஒட்டிய பகுதி சூடேறி ஆறும்போது கண்ணாடி மாதிரி கடினமாகிவிடும். வெல்டு உடையாது, அதன் ஓரம் விடும். அப்படி முறிந்த ஒன்றை என் மேசையில் வைத்திருக்கிறேன். முறிந்த முகத்தில் முக்கால் பங்கு துருப்பிடித்த பழுப்பு, மீதி பளபளக்கும் சாம்பல். பழுப்புப் பகுதி மாதக்கணக்கில் விரிந்த விரிசல், சாம்பல் கடைசி நொடியில் முறிந்தது. அந்த வண்டி மலை இறங்கியபோது ஒரு சக்கரம் மட்டும் திரும்பியது. பள்ளத்துக்குப் பதில் தேயிலைக்குள் போனதால் ஓட்டியவர் பிழைத்தார். உங்கள் ஆர்மில் விரிசல் எதுவரை வந்திருக்கிறது என்று பார்த்தீர்களா? இந்த வாரமே கழற்றி டை பெனிட்ரன்ட் (விரிசலைக் காட்டும் சாயம்) போடுங்கள்.

இதையெல்லாம் செய்தால் ஆர்.டி.ஓ. பிடிப்பாரா?

வண்டியை மாற்றுவது பற்றிய மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவைப் படியுங்கள். அறுப்பதற்கு முன்னால் அலுவலகத்தில் கேளுங்கள்.

(மேஸ்திரி பற்றிச் சொன்னவர்) சரி, அப்படியானால் டை ராடை எப்படித்தான் மேலே ஏற்றுவது?

நக்கிளின் தலையில் போதிய சதை இருந்தால் மில்லிங்கில் மட்டமாக்கி, துளை போட்டு, ஸ்டட் (தலையில்லாத போல்ட்) இறக்கி, ஃபோர்ஜிங் ஆர்மை போல்ட் பண்ணுங்கள். சதை இல்லையென்றால் வெல்டு வைத்து ஏற்றாதீர்கள், வேறு நக்கிள் தேடுங்கள். முதல் காட்டுப் பயணம் முடிந்ததும் டார்க் (நட்டின் இறுக்கம்) பாருங்கள். நட்டின் மேல் ஒரு பெயிண்ட் கோடு இழுத்து வையுங்கள், அசைந்தால் கோடு விலகும்.