ஸ்டாஃப் ரூமில் ஒரு புத்தகம்

அன்புள்ள ஐயா,

நான் ஒன்றிய நடுநிலைப் பள்ளி ஒன்றில் இடைநிலை ஆசிரியை. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான வாசிப்பு இயக்கத்தின் சின்னப் புத்தகங்கள் எங்கள் பள்ளிக்கும் வந்திருக்கின்றன. பிள்ளைகள் போட்டி போட்டு எடுக்கிறார்கள். ஆசிரியர்கள் நாங்களோ பாடநூலைத் தாண்டி எதையும் தொடுவதில்லை. வெட்கமாக இருக்கிறது. ஆசிரியர்களை எப்படி வாசிக்க வைப்பது?

ஓர் ஆசிரியை

அன்புள்ள டீச்சர்,

வெட்கம் எதற்கு? பல பள்ளிகளில் புத்தகம் பீரோவுக்குள், சாவி ஹெச்.எம்.மிடம், கணக்கு இருப்புப் பதிவேட்டில். ஒன்று தொலைந்தால் தணிக்கையில் யார் பதில் சொல்வது? இந்தப் பயத்திலேயே நல்ல புத்தகங்கள் மடிப்புக் கலையாமல் கிடந்திருக்கின்றன.

தமிழ்நாட்டில் ஆசிரியர்கள் கூட்டங்கூட்டமாக வாசகர்களானது, எனக்குத் தெரிந்து, 1990-களின் தொடக்கத்தில், பெரியவர்களுக்கு எழுத்தறிவு கொடுத்த அறிவொளி இயக்கத்தின்போதுதான். யாரும் அவர்களை வாசிக்கச் சொல்லவில்லை. பகலில் பள்ளி, இரவில் அறிவொளி மையம். எழுத்துக் கூட்டப் பழகிய பெண்கள் அடுத்து என்ன படிப்பது என்று கேட்டால் கொடுக்க ஏதாவது வேண்டுமே! ஊரில் சொல்லிவந்த கதைகளைக் கேட்டு எழுதி, பெரிய எழுத்தில் சிறு நூல்களாகப் போட்டார்கள். அதைக் கூட்டத்தின் நடுவில் உரக்க வாசிக்க வேண்டுமென்றால் முந்தின நாளே ஒருமுறை படித்துப் பார்த்தாக வேண்டும். பலர் மாட்டிக்கொண்டது அங்கேதான். கேட்பவர்கள் 'இன்னொண்ணு' என்றார்கள். இவர்கள் கதை தேடிக் கிளம்பினார்கள்.

அப்புறம் ஆசிரியர் வட்டங்களில் இரண்டு மொழிபெயர்ப்பு நூல்கள் கைமாறிக்கொண்டே இருந்தன. ஒன்று ஜப்பானின் 'டோட்டோ-சான்', அந்தப் பெயருள்ள சிறுமியின் பள்ளி நாட்களைச் சொல்வது. இன்னொன்று குஜராத்தின் ஜிஜுபாய் பதேகா எழுதிய 'பகல் கனவு'. வக்கீல் தொழிலை விட்டுக் குழந்தைகளிடம் வந்தவர் அவர். நூலில் வரும் ஆசிரியர் நாலாம் வகுப்புக்குப் போகிறார். முதல் நாள் அமைதி விளையாட்டு நடத்திப் பார்க்கிறார், வகுப்பு சந்தையாகிவிடுகிறது. மறுநாள் கதை சொல்கிறார், பிடிபடுகிறது. தோற்றுப்போன அந்த முதல் நாளைப் படிக்கும் எந்த வாத்தியாருக்கும் அது தன் வகுப்புதான். நம் பாடுகளைப் பேசுகிற புத்தகம் என்றால் கண் தானாக ஓடும்.

ஓர் ஆசிரியர் கூட்டத்தில், தலைமையாசிரியர் கோபயாஷி முதல் நாளே டோட்டோ-சான் பேசுவதை நாலு மணி நேரம் கேட்டுக்கொண்டிருக்கும் பகுதியை ஒருவர் வாசித்தார். பின்வரிசையில் இருந்த அம்மா, "நாலு மணி நேரமா? எனக்கு எமிஸ் ஆப்ல பிள்ளைங்க வருகை போடவே நேரம் பத்தல" என்றார். ஒரே சிரிப்பு. டீ ஆறும்வரை விவாதம் ஓடியது. கூட்டம் முடிந்ததும் அந்தப் புத்தகத்தை முதலில் கேட்டு வாங்கியவரும் அவர்தான்.

அதனால் உங்கள் பள்ளியிலும் 'வாசிப்பது எப்படி' என்று பயிற்சியெல்லாம் வேண்டாம். வாசிப்பு இயக்கத்தில் 'நுழை, நட, ஓடு, பற' என்று பிள்ளைகளுக்குத்தானே படி வைத்தார்கள்? நீங்களும் 'நுழை'யிலிருந்தே தொடங்கலாம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அதில் ஒன்றை எடுத்து யாராவது சத்தமாக வாசியுங்கள். இரண்டு பேர் கேட்டால் போதும். மூன்றாமவர் செல்போனைப் பார்த்துக்கொண்டே கேட்பார், விடுங்கள். பிறகு 'பகல் கனவு', தினம் நாலு பக்கம்.

ஒன்றே ஒன்று: இதை மேலே யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். மறுவாரமே புகைப்படத்தோடு அறிக்கை கேட்பார்கள்.

அன்புடன்.