சிப்பி வளர்ப்பு: தீவனச் செலவு இல்லாவிட்டால் லாபம் உறுதியா?

கேள்வி: கழிமுகத்தில் பச்சைச் சிப்பி வளர்க்க 100 கயிறு தொங்கவிடப் போகிறேன். தீவனமே வேண்டாம், போட்டதெல்லாம் லாபம் என்கிறார்கள். கணக்கு எப்படிப் போடுவது?

பதில்: தீவனம் வேண்டாம் என்பது உண்மைதான். நீரில் மிதக்கும் நுண்பாசியை வடிகட்டித் தின்றே சிப்பி வளர்ந்துவிடும். ஆனால் அந்தச் செலவு கூலியாக வந்து நிற்கும். குஞ்சு சேகரிப்பது, கயிற்றில் கட்டுவது, அறுவடை, கழுவித் தரம் பிரிப்பது எல்லாமே கைவேலை. முதலில் எழுத வேண்டிய செலவு அதுதான்.

கயிற்றுக்கு 1.5 மீட்டர் வீதம் 150 மீட்டர். 2 முதல் 3 செ.மீ. குஞ்சு மீட்டருக்கு 1.5 கிலோ என்றால் 225 கிலோ வேண்டும். அதைக் கயிற்றைச் சுற்றிப் பரப்பி, பருத்தி வலைத்துணியால் சுற்றித் தையுங்கள். துணி மட்கி உதிர்வதற்குள் குஞ்சு தன் நாரால் கயிற்றைப் பற்றிக்கொள்ளும். குஞ்சை அதிகமாகத் திணித்தால் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, எடை கூடும்போது கொத்தாகக் கழன்று விழும். அப்படி விழுவது 4, 5 மாதம் வளர்ந்த சரக்கு என்பதால் இழப்பும் பெரிது.

நல்ல இடத்தில் மீட்டருக்கு 10 கிலோ வரும். நீங்கள் 7 கிலோ என்றே திட்டமிடுங்கள்: மொத்தம் 1,050 கிலோ. இது ஓட்டோடு சேர்ந்த எடை. சதை 30 சதவீதம் இருந்தால் 315 கிலோ. முட்டையிட்டு மெலிந்து 20 சதவீதமானால் 210 கிலோதான். அதே கயிறு, அதே கூலி, மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. ஆகவே வாரம் ஒருமுறை 20 சிப்பியை வேகவைத்து, சதையை எடைபோட்டு, விகிதம் உச்சத்தில் இருக்கும்போதே அறுத்துவிடுங்கள். ஓட்டின் நீளத்தைப் பார்த்துக் காத்திருப்பதில்தான் பலர் நஷ்டப்படுகிறார்கள்.

மிதவை, நங்கூரம், கயிறு ஆகியவற்றின் விலையை அவை உழைக்கும் ஆண்டுகளால் வகுங்கள். அதோடு அந்தப் பருவத்துக் கூலி, குஞ்சு, போக்குவரத்தைக் கூட்டி 315 ஆல் வகுத்தால் ஒரு கிலோ சதையின் அடக்கவிலை. 210 ஆலும் வகுத்துப் பாருங்கள். வாங்குபவர் சொல்லும் விலை இரண்டாவதற்கும் மேலே இருந்தால் தைரியமாக இறங்கலாம்.

மழை வெள்ளத்தால் நீரின் உப்புத்தன்மை ஆயிரம் பங்குக்கு 15 பங்கு என்ற அளவுக்கும் கீழே இறங்கிப் பல நாள் நீடித்தால் சிப்பி சாகத் தொடங்கும். அறுவடை அதற்கு முன்பே முடியட்டும். நச்சுப்பாசி பெருகினால் விற்கவே கூடாது, அந்த நஞ்சு வேகவைத்தாலும் போகாது. அந்த வாரங்களைத் தாங்கக் கையிருப்புப் பணமும் கணக்கில் இருக்கட்டும். இந்த இடத்தில் இதுவரை யாரும் வளர்த்ததில்லை என்றால், முதல் பருவத்தில் 20 கயிறு போதும்.