இரண்டு அறை, ஐந்து மெத்தை, ஆறு பேர்

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியட்டும். நீங்கள் மெல்பனுக்குப் படிக்க வந்து மூன்று வாரம் ஆகிறது. ஃபிளிண்டர்ஸ் ஸ்ட்ரீட் ஸ்டேஷன் பக்கம் ஒருவர் ஸ்லீப்பிங் பேக்குக்குள் நாயோடு படுத்திருந்ததைப் பார்த்தீர்கள். அன்றிலிருந்து மனசு சரியில்லை. "இவ்வளவு பணக்கார நாட்டில் இது எப்படி அண்ணா? வேலை இல்லாதவர்களுக்கு அரசாங்கம் காசு தருகிறதே? இவர்கள் எல்லாம் போதைக்காரர்களா? மொத்தம் எத்தனை பேர் இருப்பார்கள்? நமக்கும் இப்படி ஆகுமா?"

கேட்டது ஐந்து கேள்வி. நான்காவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதைப் பிடித்து இழுத்தால் மற்றவையும் கூடவே வரும்.

2021 ஆகஸ்டில் எடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்து ஆஸ்திரேலியப் புள்ளியியல் துறை சொன்ன எண்ணிக்கை 1,22,494. அன்றிரவு இந்த நாட்டில் வீடற்று இருந்தவர்கள் இவ்வளவு பேர். அதில் தெருவிலும் கூடாரத்திலும் காரிலும் படுத்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா? 7,636. பதினாறு பேருக்கு ஒருவர். நீங்கள் ஸ்டேஷனில் பார்த்தவர் அந்த ஒருவர். மீதிப் பதினைந்து பேரையும் நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள், ஆனால் அடையாளம் தெரியாது. டிராமில் பக்கத்தில் நின்றிருப்பார்கள், கோல்ஸ் சூப்பர் மார்க்கெட்டில் உங்களுக்குப் பில் போட்டிருப்பார்கள்.

அந்தப் பதினைந்து பேரில் பெரிய கூட்டம் எது என்று சொல்லத்தான் இவ்வளவு எழுத உட்கார்ந்தேன். 47,895 பேர், அதாவது பத்தில் நான்கு பேர், 'மிக நெரிசலான வீடுகளில்' இருந்தவர்கள். தலைக்கு மேல் கூரை உண்டு, சமையலறை உண்டு, வாடகையும் கட்டுகிறார்கள். இருந்தும் கணக்கில் அவர்கள் வீடற்றவர்கள்.

நெரிசல் என்றால் எவ்வளவு நெரிசல்? அதற்குக் கனடாவிலிருந்து எடுத்துக்கொண்ட ஓர் அளவுகோல் இருக்கிறது. ஓர் அறையில் இரண்டு பேருக்கு மேல் கூடாது. கணவன் மனைவி ஓர் அறையில் இருக்கலாம், சின்னப் பிள்ளைகள் சேர்ந்து படுக்கலாம். பதினெட்டு வயது தாண்டிய தனி ஆளுக்குத் தனி அறை வேண்டும். இப்படிக் கணக்குப் போட்டு, ஒரு வீட்டுக்கு இன்னும் நான்கு அறையோ அதற்கு மேலோ தேவைப்பட்டால் அந்த வீட்டில் இருக்கிற எல்லோரும் வீடற்றவர்கள்.

இப்போது என் கதைக்கு வாருங்கள். 2011-ல் நான் மெல்பனின் புறநகரான கிளேட்டனில் இருந்தேன். இரண்டு பெட்ரூம் யூனிட். ஆறு பேர், எல்லோரும் கல்யாணம் ஆகாத பையன்கள். லீஸில் இரண்டு பேர் பெயர்தான். ஹாலின் குறுக்கே கயிறு கட்டி, ஊரிலிருந்து கொண்டுவந்த வேட்டியைத் திரையாகத் தொங்கவிட்டிருந்தோம். ஆறு பேருக்கு ஐந்து மெத்தை. பற்றாமல் போனதே இல்லை. ஒருவன் பெட்ரோல் பங்கில் இரவு ஷிஃப்ட் முடித்துக் காலை ஏழு மணிக்கு வருவான், நான் எழுந்து வகுப்புக்குக் கிளம்புவேன், சூடு ஆறாத என் மெத்தையில் அவன் விழுவான். ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஏஜென்ட் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருகிறார் என்று கடிதம் வந்துவிட்டால் அன்று வீட்டில் திருவிழாதான். மூன்று மெத்தையைச் சுருட்டி நண்பனின் ஸ்டேஷன் வேகனில் திணித்து, வேட்டியை அவிழ்த்து, செருப்புகளைப் பையில் போட்டுக்கொண்டு நான்கு பேர் லைப்ரரிக்குப் போய்விடுவோம்.

ஆறு பேருக்கு ஆறு அறை வேண்டும், இருந்தது இரண்டு. நான்கு குறைகிறது. சரியாகக் கோட்டில் நிற்கிறோம். அந்த அளவுகோலின்படி நானும் ஒரு காலத்தில் வீடற்றவன்தான், எனக்கே தெரியாமல்! அம்மாவிடம் ஃபோனில் "ரூம் நல்லா இருக்கும்மா" என்று சொல்லிக்கொண்டிருந்த அதே மாதங்களில்.

ஆனால் என்னை யாரும் எண்ணவில்லை. அந்த ஆகஸ்டில் கணக்கெடுப்புப் படிவத்தைக் கொடுக்க ஒரு வயதான அம்மாள் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு கதவைத் தட்டினார். லீஸில் பெயர் இருந்தவன் கதவைப் பாதி மட்டும் திறந்து வாங்கிக்கொண்டான். ராத்திரி சாப்பாட்டுத் தட்டை ஓரம் தள்ளிவிட்டு இரண்டு பெயரை எழுதி ஒட்டிவிட்டான். "மச்சான், ஏஜென்ட்டுக்குப் போயிடுச்சுன்னா?" போகாது என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. நான்கு பேர் காணாமல் போனோம். வீடும் நெரிசல் இல்லாத நல்ல வீடாகிவிட்டது.

எனவே 1,22,494 என்பதைப் பார்க்கும்போது என் மனதில் ஓடுவது, இது குறைந்தபட்சம் என்றுதான். புள்ளியியல் துறையே இதை ஒளிக்காமல் சொல்கிறது. பெற்றோரோடு சண்டை போட்டு நண்பன் வீட்டு சோஃபாவில் படுக்கிற பதினாறு வயதுப் பையனுக்குப் படிவத்தில் 'வழக்கமாக வசிக்கும் முகவரி' என்ற இடத்தில் அவன் அம்மாவின் வீட்டு முகவரி விழுந்துவிடும். அடிக்குப் பயந்து பிள்ளைகளோடு அக்கா வீட்டுக்கு வந்த பெண்ணும் பழைய முகவரியையே எழுதுவாள். இருவரும் 'விருந்தினர்' ஆகிவிடுவார்கள். இவ்வளவு குறையையும் தாண்டி, எண்ணப்பட்டவர்களில் கிட்டத்தட்ட நான்கில் ஒருவர் 12 முதல் 24 வயதுக்குள் இருப்பவர்.

வரையறை எப்படி இவ்வளவு அகலமானது என்பதும் ஒரு கதை. 1992-ல் கிறிஸ் சேம்பர்லைன், டேவிட் மெக்கன்சி என்ற இரண்டு ஆய்வாளர்கள், இந்தச் சமூகத்தில் ஒருவருக்குக் குறைந்தபட்சம் ஒரு சிறு ஃபிளாட்டாவது வேண்டும், அதற்குக் கீழே இருக்கிற எல்லாம் வீடின்மையின் படிகள் என்றார்கள். முதல் படி தெரு. இரண்டாவது, காப்பகம், உறவினர் வீடு என்று மாறி மாறி அலைவது. மூன்றாவது, சொந்தக் குளியலறையோ நிச்சயமான ஒப்பந்தமோ இல்லாத ரூமிங் ஹவுஸ். 2012-ல் புள்ளியியல் துறை தன் சொந்த வரையறையைக் கொண்டுவந்தபோது மூன்று விஷயம் கேட்டது: கட்டடம் வசிக்கத் தகுந்ததா, அங்கே தொடர்ந்து இருக்க உரிமை உண்டா, அந்த இடம் உன் கட்டுப்பாட்டில் இருக்கிறதா. மூன்றாவது கேள்விதான் நெரிசலை உள்ளே கொண்டுவந்தது. கதவைச் சாத்திக்கொண்டு அழ ஓர் இடம் இருக்கிறதா என்று நான் அதை எனக்குள் மொழிபெயர்த்துக்கொள்வேன்.

நம் ஊரில் இந்த அளவுகோலை வைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். இந்தியாவின் 2011 கணக்கெடுப்பில் வீடற்றவர்கள் சுமார் 17.7 லட்சம். அது நடைபாதை, பாலத்தடி, கோயில் மண்டபம் என்று கூரையில்லாமல் கிடந்தவர்களை மட்டும் பிப்ரவரி 28 இரவில் போய் எண்ணியது. ஒற்றை அறையில் எட்டுப் பேர் இருந்தால் அங்கே அது குடும்பம். ஆகவே இரண்டு நாட்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யாராவது வாட்ஸாப்பில் அனுப்பினால் கண்டுகொள்ளாதீர்கள்.

தெருவில் இருப்பவர்களை எண்ணுவது வேறு மாதிரி வேலை. 2018 ஜூனில் மெல்பனில் ஐந்து நகராட்சிகள் சேர்ந்து ஒரே இரவில் எண்ணின, நானும் போயிருந்தேன். நல்ல குளிர். குழுவுக்கு ஒரு வரைபடம், டார்ச், படிவம். தூங்குபவரை எழுப்பக் கூடாது, பார்த்ததை மட்டும் குறித்துக்கொள்ள வேண்டும். ஆணா பெண்ணா, வயது எவ்வளவு இருக்கும். போர்வை முகத்தை மூடியிருந்தால் அதுவும் தெரியாது. விழித்திருந்தால் அனுமதி கேட்டுப் பேசலாம். ஒரு பூங்காவை ஒட்டிய கார் நிறுத்துமிடத்தில் எங்கள் குழுத் தலைவி ஒரு பழைய ஹோல்டன் காரைக் காட்டி, "கண்ணாடியைப் பார்" என்றாள். உள்ளிருந்து மூச்சு படிந்து வெள்ளையாக இருந்தது. அதுதான் அடையாளமாம். பின் சீட்டில் குழந்தைகளுக்கான கார் ஸீட் ஒன்று. அதில் யாராவது இருந்தார்களா என்று தெரியவில்லை. தட்டவும் கூடாது. அந்தப் படிவத்தில் 'ஒருவர்' என்று எழுதினோம்.

அன்றிரவு மொத்தம் 392 பேர் என்று பிறகு அறிவித்தார்கள். அது ஐந்து நகராட்சிகளில், ஓர் இரவில், கண்ணில் பட்டவர்கள். மெல்பனின் தென்கிழக்கில் இருக்கும் டாண்டினாங் பக்கம் நாங்கள் போகவே இல்லை.

டாண்டினாங்கைச் சொல்லாமல் விட முடியாது. விக்டோரியா மாநிலத்திலேயே வீடற்றவர்கள் எண்ணிக்கை மிக அதிகமாக இருக்கும் நகராட்சிகளில் அது முன்வரிசையில் வருவது. ஆனால் அங்கே போய்ப் பார்த்தால் நடைபாதையில் பெரிதாக யாரும் கிடக்க மாட்டார்கள். எல்லாம் கதவுக்குப் பின்னால். நம்மாட்கள் நிறையப் பேர் அங்கே. படகில் வந்து பத்து வருடத்துக்கு மேல் பிரிட்ஜிங் விசாவில், அதாவது முடிவு வரும்வரை தரும் தற்காலிக விசாவில், இருக்கும் ஈழத்து அண்ணர் ஒருவரை எனக்குத் தெரியும். அவருக்குக் கிடைத்துவந்த சிறு உதவித்தொகையை வெட்டிய பிறகு, தெரிந்த குடும்பம் ஒன்றின் கராஜில் மூன்று வருடம் இருந்தார். சீமெந்துத் தரை, மேலே பழைய கம்பளம், மூலையில் முருகன் படம். "தம்பி, எனக்கு வீடு இருக்குதானே" என்பார். நான் இந்த வரையறை எதையும் அவரிடம் சொன்னதில்லை.

சரி, அரசாங்கக் காசு. ஆங்ளிகேர் என்ற தொண்டு நிறுவனம் ஒவ்வொரு வருடமும் ஒரு வார இறுதியில் நாடு முழுக்க வாடகைக்கு வந்திருக்கும் வீடுகளைப் பார்த்துக் கணக்கெடுக்கிறது. 2024-ல் 45,115 வீடுகள். வேலையில்லாதோர் உதவித்தொகையில் வாழும் தனி ஆளுக்குக் கட்டுப்படியானவை மூன்று. மூன்றாயிரம் இல்லை, மூன்று. அவையும் பகிர்வு வீடுகளில் ஒவ்வோர் அறை. இளைஞர் உதவித்தொகை வாங்குபவருக்கு ஒன்றுகூட இல்லை. ஸ்டேஷனில் படுத்திருந்தவர் ஒருவேளை அந்தக் காசை வாங்குபவராகவே இருக்கலாம்.

போதை பற்றிக் கேட்டீர்கள். தெருவில் நீண்ட நாள் இருப்பவர்களிடம் அதுவும் மனநோயும் அதிகம் என்பது உண்மை. தெருவே அதைக் கொண்டுவருவதும் உண்டு. குளிரில் விடியும்வரை விழித்திருந்து பாருங்கள். ஆனால் உதவி மையங்களுக்கு ஒரு வருடத்தில் வருபவர்கள் நாடு முழுக்க சுமார் 2 லட்சத்து 80 ஆயிரம் பேர், அவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் குடும்ப வன்முறையை அனுபவித்தவர்கள். பூர்வகுடி மக்கள் நாட்டில் நூற்றுக்கு நான்கு பேர்கூட இல்லை, வீடற்றவர்களில் ஐந்தில் ஒருவர். வீடற்றவர்களில் 55 வயது தாண்டிய பெண்கள் 2011-க்கும் 2016-க்கும் இடையில் 31 சதவீதம் கூடினார்கள். பிள்ளை வளர்த்து, பகுதி நேர வேலை பார்த்து, சூப்பர் என்கிற ஓய்வுகால சேமிப்புக் கணக்கில் ஒன்றும் சேராமல், விவாகரத்துக்குப் பிறகு தனி வாடகைக்குப் போனவர்கள். நம் சமூகத்தில் இதற்கு இன்னொரு முகம் உண்டு. ஊரில் வீட்டை விற்றுப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டுப் பெற்றோர் விசாவில் வந்த அம்மா, மருமகளோடு ஒத்துப்போகாமல் வெளியே வந்தால் போக இடமில்லை. முதியோர் ஓய்வூதியத்துக்குப் பொதுவாகப் பத்து வருடம் இங்கே வசித்திருக்க வேண்டும். கோயிலில் மாலைப் பூஜை முடிந்தும் கிளம்பாமல் உட்கார்ந்திருக்கும் சில அம்மாக்களைப் பார்த்தால் எனக்கு இப்போதெல்லாம் சந்தேகம் வருகிறது.

கடைசிக் கேள்வி, நமக்கு ஆகுமா? மாணவர் விசாவில் சென்டர்லிங்க் என்கிற அரசு உதவித்தொகை கிடையாது, அரசு வீடும் கிடையாது. நிரந்தரமாக வசிக்கும் உரிமை (பி.ஆர்.) வந்த பிறகும் வேலையில்லாதோர் தொகைக்கு நான்கு வருடம் காத்திருக்க வேண்டும். நமக்குக் கீழே விரித்த வலை நண்பர்கள்தான். அதனால் பயமுறுத்தவும் மாட்டேன், ஒன்றுமில்லை என்றும் சொல்ல மாட்டேன். இரண்டு எண்ணை ஃபோனில் வைத்துக்கொள்ளுங்கள். விக்டோரியாவில் தங்க இடமில்லாதவர்களுக்கு 1800 825 955. வன்முறைக்கு, உங்கள் வகுப்புத் தோழி யாருக்காவது தேவைப்படலாம், 1800 737 732. ஆங்கிலம் தயக்கமாக இருந்தால் 131 450-க்கு அடித்துத் 'தமிழ்' என்று சொன்னால் மொழிபெயர்ப்பாளரைச் சேர்த்துவிடுவார்கள். வாடகைக்கு முன்பணம் கையில் கேட்டால் ரசீது இல்லாமல் கொடுக்காதீர்கள். நான்கு பேர் அல்லது அதற்கு மேல் தங்க, அறை அறையாக வாடகைக்கு விடும் வீடு இங்கே ரூமிங் ஹவுஸாகப் பதிவாகியிருக்க வேண்டும், அதையும் கேளுங்கள்.

அப்புறம், அடுத்த கணக்கெடுப்பு 2026 ஆகஸ்ட் 11. உங்கள் யூனிட்டில் எத்தனை பேர் என்று நீங்கள் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. அன்றிரவு தூங்குகிற எல்லோர் பெயரையும் எழுதுங்கள். ஏஜென்ட்டுக்கும் போகாது, இமிக்ரேஷனுக்கும் போகாது, சட்டம் அப்படி. சோஃபாவில் வேறு இடமில்லாத நண்பன் யாராவது இருந்தால், அவனுடைய வழக்கமான முகவரி என்ற இடத்தில், ஊர்ப் பெயர் எழுதும் கட்டத்தில், ஆங்கிலத்தில் 'NONE' என்று எழுத வேண்டும். இல்லை என்று பொருள்படும் அந்த நான்கெழுத்துச் சொல்.