வீட்டிலிருந்தே இறையியல் படிக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 42. வணிகவியல் பட்டதாரி; கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். பல ஆண்டுகளாக எங்கள் சபையில் ஞாயிறு பள்ளி ஆசிரியராக இருக்கிறேன். போதகர் வெளியூர் செல்லும் வாரங்களில் பிரசங்கமும் செய்கிறேன். கர்த்தர் என்னை ஊழியத்துக்கு அழைக்கிறார் என்ற உணர்வு நாளுக்கு நாள் வலுக்கிறது. ஆனால் வேலையை விட்டுவிட்டு இறையியல் கல்லூரி விடுதியில் தங்கிப் படிக்கக் குடும்பச் சூழ்நிலை இடம் தராது. தொலைநிலைக் கல்வியில் சேரலாமா? ஒரு நிறுவனம் என் ஊழிய அனுபவத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டு ஓராண்டிலேயே பட்டம் தருவதாகச் சொல்கிறது. அப்படிப் படித்தவரைத் திருச்சபை மதிக்குமா? எபிரெயமும் கிரேக்கமும் தனியாகப் படிக்கக்கூடியவையா? ‘இந்த வயதில் இதெல்லாம் தேவையா?’ என்று மனைவி கேட்கிறார். வழி சொல்லுங்கள்.

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: அன்புச் சகோதரருக்கு,

ஓராண்டில் பட்டம் தருவதாகச் சொல்லும் அந்த நிறுவனத்தை முதலில் ஒதுக்கிவிடுங்கள். இதைச் சொல்வதில் எனக்குத் தயக்கமே இல்லை. முந்தைய அனுபவத்துக்காக ஓரிரு பாடங்களில் விலக்கு அளிக்கும் வழக்கம் நல்ல கல்லூரிகளிலும் உண்டு. ஆனால் அங்கே அந்த அனுபவத்தைப் பற்றி உங்களை எழுதச் சொல்வார்கள், ஆசிரியர் ஒருவர் அதைப் படித்து மதிப்பிடுவார், அதற்குப் பிறகுதான் விலக்கு. முழுப் பட்டத்தையும் அனுபவத்தின் பேரில் கொடுப்பவர் பட்டத்தை விற்கிறார். பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாயின் முன்னால் நாளை நீங்கள் நிற்க வேண்டியிருக்கும். காசு கொடுத்து வாங்கிய காகிதம் அங்கே எதற்கு உதவும்? இப்படி ஏமாறுகிறவர்கள் பெரும்பாலும் உங்களைப் போன்ற நேர்மையானவர்கள் என்பதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

‘அங்கீகாரம் பெற்றது’ என்று விளம்பரத்தில் இருந்தால், யாருடைய அங்கீகாரம் என்று கேளுங்கள். போலிக் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் வழங்குவதற்கென்றே போலி அமைப்புகளும் இருக்கின்றன. ஆசியா தியாலஜிக்கல் அசோசியேஷன், வட அமெரிக்காவில் உள்ள அசோசியேஷன் ஆஃப் தியாலஜிக்கல் ஸ்கூல்ஸ், 1827-ல் டென்மார்க் அரசரின் சாசனத்தால் பட்டம் வழங்கும் உரிமை பெற்ற செராம்பூர் கல்லூரியின் செனட் என்று நெடுநாள் பெயருள்ள அமைப்புகள் பல. எந்த அமைப்பின் பெயரைக் கல்லூரி சொல்கிறதோ, அந்த அமைப்பையே நேரில் விசாரியுங்கள். கல்லூரிக்கு அங்கீகாரம் இருந்தும் அதன் தொலைநிலைப் படிப்புக்கு இல்லாமல் போகலாம். ஆகையால் நீங்கள் சேரப்போகும் படிப்பின் பெயரையே சொல்லிக் கேட்பது நல்லது. ஆசிரியர்கள் யார், அவர்கள் எங்கே படித்தவர்கள், நூலக வசதி என்ன, கட்டுரைகளைத் திருத்தித் தருவார்களா என்ற கேள்விகளுக்கு நேரான பதில் வராத இடத்தில் பணம் கட்டாதீர்கள்.

ஆனால் இதற்கெல்லாம் முன்னால் நீங்கள் போக வேண்டிய இடம் உங்கள் சொந்தத் திருச்சபை. கடிதத்தில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதனால் அழுத்திச் சொல்கிறேன். பட்டம் கொடுப்பது கல்லூரி. குருப்பட்டமோ போதகர் அபிஷேகமோ கொடுப்பது திருச்சபை. இரண்டும் வெவ்வேறு கைகளில் இருக்கின்றன. கத்தோலிக்கத் திருச்சபையில் குருவாக விரும்புகிறவர் குருமடத்தில் தங்கி உருவாக வேண்டும். விதிவிலக்கான சூழ்நிலையிலும் குறைந்தது நான்கு ஆண்டுகள் என்று அதன் சட்டத் தொகுப்பின் 235-ஆம் பிரிவு சொல்கிறது. பேராயர்களும் ஆயர் மன்றங்களும் உள்ள சபைகளில், எந்தக் கல்லூரியின் எந்தப் படிப்பை ஏற்பது என்பதை அவர்களே முடிவு செய்கிறார்கள். தன்னாட்சியுள்ள பல பாப்திஸ்து, பெந்தெகொஸ்தே சபைகளிலோ சபையாரின் அழைப்பே பிரதானம், பட்டம் அதற்குத் துணை. நீங்கள் எந்தச் சபை என்று எழுதவில்லை. எதுவானாலும், பணம் கட்டுவதற்கு முன் உங்கள் போதகர் வழியாகப் பொறுப்பில் உள்ளவர்களைச் சந்தித்து, ‘இந்தப் படிப்பை முடித்தால் ஏற்றுக்கொள்வீர்களா?’ என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். ஆறு ஆண்டுகள் உழைத்த பிறகு இந்தக் கேள்வியைக் கேட்பது கொடுமை.

இனி, மதிப்பார்களா என்ற உங்கள் கேள்வி. அதற்குள் ஒரு தாழ்வு மனப்பான்மை ஒளிந்திருக்கிறது; அது உங்களுக்கு வேண்டாம். 1963-ல் குவாத்தமாலாவின் பிரெஸ்பிட்டேரியன் இறையியல் கல்லூரி ஒரு சிக்கலைச் சந்தித்தது. கல்லூரியில் தங்கிப் படித்தவர்கள் பலர் ஊழியத்தில் நிலைக்கவில்லை. சபைகளை உண்மையில் தாங்கிக்கொண்டிருந்தவர்களோ நடுவயதுக்காரர்கள். நிலத்தையும் தொழிலையும் பிள்ளைகளையும் விட்டு வர முடியாதவர்கள். உங்கள் நிலைதான். ரால்ஃப் வின்டர், ஜேம்ஸ் எமெரி, ராஸ் கின்ஸ்லர் ஆகிய மூவரும் கல்லூரியையே அவர்களிடம் கொண்டுபோனார்கள். மாணவர் வீட்டில் பாடத்தைப் படித்துவிடுவார். குறித்த நாளில் அருகில் உள்ள மையத்தில் ஆசிரியருடன் கூடி விவாதிப்பார். கற்றதைத் தம் சபையிலேயே செய்துபார்ப்பார். இறையியல் விரிவாக்கக் கல்வி என்று இன்று பல நாடுகளில் நடப்பதன் தொடக்கம் இதுவே. அங்கே வந்து படித்தவர்கள் ஏற்கெனவே சபைத் தலைவர்கள். அந்த வரிசையில் உட்காரப்போகிற நீங்கள் எதற்காகக் கூச வேண்டும்?

அந்த முறையை டெட் வார்ட் என்ற அமெரிக்கக் கல்வியாளர் மரவேலிக்கு ஒப்பிட்டார். வேலியின் மேல் கட்டை பாடப் படிப்பு. கீழ்க் கட்டை அன்றாட ஊழியம். இரண்டையும் பிணைத்து நிறுத்தும் நடுகம்புகள், ஆசிரியரும் மாணவர்களும் கூடிப் பேசும் வகுப்புகள். இன்றைய தொலைநிலைப் படிப்புகள் பலவற்றில் மேல் கட்டை நன்றாகவே இருக்கிறது. காணொலி, மின்னூல், தேர்வு எல்லாம் உண்டு. கீழ்க் கட்டை உங்களிடமே இருக்கிறது. நடுகம்பு இருக்கிறதா என்று பார்த்துத்தான் கல்லூரியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆசிரியரோடு நேரலையில் பேசும் வகுப்புகள், ஆண்டுக்குச் சில நாட்களாவது நேரில் கூடும் முகாம், சபையிலேயே உங்களைக் கவனித்து அறிக்கை எழுதும் மேற்பார்வையாளர் – இவற்றில் குறைந்தது இரண்டு இல்லாத படிப்பில் சேர வேண்டாம் என்பேன்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், ஊழியத்தில் செய்யும் பிழைகள் பெரும்பாலும் நம் கண்ணுக்கே தெரியாதவை. தாமே மனநோயால் மருத்துவமனையில் இருந்து மீண்டவரான ஆன்டன் பாய்சன், 1925-ல் அமெரிக்காவின் வூஸ்டர் மனநல மருத்துவமனைக்கு இறையியல் மாணவர்களை அழைத்துச் சென்று பயிற்றுவித்தார். அந்த மரபில் பின்னர் ஒரு பயிற்சி முறை வளர்ந்தது. நோயாளியைச் சந்தித்துத் திரும்பிய மாணவர், நடந்த உரையாடலை நினைவிலிருந்து வரிக்கு வரி எழுதிவந்து குழுவின் முன் வாசிக்க வேண்டும். ஒரு பக்கம் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்:

நோயாளி: இராத்திரியில் தூக்கமே வருவதில்லை, ஐயா.
மாணவர்: ஜெபித்துவிட்டுப் படுங்கள்.
நோயாளி: ஜெபிக்க உட்கார்ந்தால் மகன் நினைவு வந்துவிடுகிறது.
மாணவர்: கர்த்தர் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வார்.

வாசித்து முடித்ததும் குழுவில் ஒருவர் கேட்பார்: ‘மகனுக்கு என்ன ஆயிற்று என்று நீங்கள் ஏன் கேட்கவில்லை?’ மாணவர் சொன்னதில் உபதேசப் பிழை ஒன்றும் இல்லை. தேர்வுத் தாளில் எழுதியிருந்தால் மதிப்பெண் கிடைத்திருக்கும். ஆனால் அந்த மனிதர் கதவைத் திறந்தார், இவர் சாத்திவிட்டார். இதைக் காணொலி சொல்லித்தராது. பக்கத்தில் ஒருவர் இருந்து சொல்ல வேண்டும். வேதவசனங்களில் வல்லவனாகிய அப்பொல்லோவுக்கே அது தேவைப்பட்டது. கூடாரத் தொழில் செய்த ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் அவனைத் தங்களோடு சேர்த்துக்கொண்டு இன்னும் திட்டமாய் விளக்கிக் காட்டினார்கள் என்று அப்போஸ்தலர் 18-ஆம் அதிகாரத்தில் படிக்கிறோம். உங்கள் போதகரோ வேறு மூத்த ஊழியரோ மாதம் ஒருமுறை உங்கள் பிரசங்கத்தைக் கேட்டு, முகத்துக்கு நேரே குறை சொல்ல ஒப்புக்கொள்வார்களா? படிப்பில் சேருவதற்கு முன்பே அந்த ஏற்பாட்டைச் செய்துகொள்ளுங்கள்.

மொழிகளுக்கு வருவோம். கிரேக்கத்தில் 24 எழுத்துகள், எபிரெயத்தில் 22. எழுத்துகள் சீக்கிரமே பிடிபட்டுவிடும். எபிரெயத்தை வலமிருந்து இடமாகப் படிப்பதும் பழகிவிடும். திணறல் வினைச்சொற்களில்தான் தொடங்கும். எபிரெய வினைக்கு ஏழு முக்கிய வாய்பாடுகள் உண்டு. அந்த இடத்தில் கைகொடுக்க ஆள் இல்லாமல் தனியாகப் படிக்கிறவர் சோர்ந்துபோவார். ஆகவே மொழிப் பாடத்தை மட்டுமாவது நேரலை வகுப்புள்ள கல்லூரியில் எடுங்கள். தினமும் அரைமணி நேரம், வாய்விட்டுப் படியுங்கள். சனிக்கிழமை ஒரே மூச்சில் நான்கு மணி நேரம் உட்காருவதைவிட அது பலன் தரும். இரண்டு மொழிகளையும் ஒரே ஆண்டில் தொட வேண்டாம். கேம்பிரிட்ஜில் உள்ள டின்டேல் ஹவுஸ் ஆய்வு மையத்தில் உருவான ஸ்டெப் பைபிள் என்ற இலவசக் கருவியில் ஒவ்வொரு மூலச் சொல்லையும் தொட்டுப் பொருள் பார்க்கலாம். நல்ல கருவி, ஆனால் இலக்கணம் படித்த பிறகு பயன்படுத்துங்கள். அகராதிப் பொருளை மட்டும் பிடித்துக்கொண்டு பிரசங்க மேடையில் கிரேக்கம் பேசுவது சபைக்குத் தீங்கு.

உங்கள் மனைவியின் கேள்வியைத் தடையாக எண்ணாதீர்கள். அவர் கேட்பது நியாயம். அதற்குப் பதில் வசனத்தில் வேண்டாம், கணக்கில் சொல்லுங்கள். கணக்கு உங்கள் தொழிலாயிற்றே. பாடத்தின் அளவைக் கிரெடிட் என்ற அலகில் கணக்கிடுவார்கள். அமெரிக்கக் கல்லூரிகளின் வழக்கப்படி மூன்று கிரெடிட் பாடம் ஒன்றுக்கு வகுப்பும் வீட்டுப் படிப்பும் சேர்த்து ஏறத்தாழ 135 மணி நேரம் ஆகும்; பதினைந்து வாரப் பருவத்தில் வாரத்துக்கு 9 மணி நேரம். ஊழியத்துக்குத் தயாராக்கும் முதுகலை இறையியல் பட்டமான எம்.டிவ். பட்டத்துக்குக் குறைந்தது 72 கிரெடிட் என்றால் அப்படிப்பட்ட 24 பாடங்கள். ஆண்டுக்கு இரண்டு பருவம், பருவத்துக்கு இரண்டு பாடம் எடுத்தால் ஆறு ஆண்டுகளில் முடியும்; ஆனால் வாரத்துக்கு 18 மணி நேரம் வேண்டும். பருவத்துக்கு ஒரு பாடம் என்றால் பன்னிரண்டு ஆண்டுகள். இதற்கான நேரம் எங்கிருந்து வரப்போகிறது? பிள்ளைகளோடு இருக்கும் மாலை நேரத்திலிருந்தா, தூக்கத்திலிருந்தா, சபை வேலைகளிலிருந்தா? இருவரும் நாட்காட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்து பேசுங்கள். என்னைக் கேட்டால், இப்போது கையில் இருக்கும் சபைப் பொறுப்புகளில் சிலவற்றை வேறொருவரிடம் ஒப்படைப்பதே சரி. வீட்டு நேரத்தைத் தின்று ஊழியத்துக்குத் தயாராவது முறையல்ல. அதோடு, முதல் பருவத்தில் ஒரே ஒரு பாடம் எடுத்துப்பாருங்கள். பட்டத்தில் சேராமலே தனிப் பாடம் படிக்கப் பல கல்லூரிகள் அனுமதிக்கின்றன. பிறகு சேர்ந்தால் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்வார்களா என்று முன்னதாகக் கேட்டுவிடுங்கள்.

வயதைப் பற்றிக் கவலை வேண்டாம். நாற்பதைக் கடந்தவர் யோபுவின் புத்தகத்தைப் படிக்கும்போது இருபது வயதுக்காரர் காணாத பலவற்றைக் காண்பார்.

இன்னொன்று. நீங்கள் ஏற்கெனவே பட்டதாரி. எம்.டிவ். படிப்பில் சேர ஏதேனும் ஒரு துறையில் இளங்கலைப் பட்டம் இருந்தால் போதும் என்பது பல கல்லூரிகளின் விதி. ஆகவே பி.டிஎச். என்ற இளங்கலை இறையியல் பட்டத்திலிருந்து தொடங்கித்தான் ஆக வேண்டும் என்றில்லை; உங்கள் சபை எதைக் கேட்கிறது என்று பார்த்து முடிவு செய்யுங்கள். விண்ணப்பத்தோடு பரிந்துரைக் கடிதங்கள் கேட்பார்கள். உங்களைப் புகழ்கிற நண்பரிடம் வாங்காதீர்கள். சபைக் கூட்டத்தில் உங்களோடு கருத்து மோதியவராக, உங்கள் கோபத்தை ஒருமுறையாவது பார்த்தவராக ஒருவர் இருப்பார். அவரிடம் போய்க் கேளுங்கள். எழுதித் தர அவர் தயங்கினால், காரணத்தைக் கேட்டுவிட்டு வாருங்கள். விண்ணப்பத்தை அதற்குப் பிறகு அனுப்பலாம்.