மீன் மருந்து சாப்பிட்டால் பம்பை நிறுத்தலாமா?

கேள்வி: என் மகனுக்கு எட்டு வயது. மூன்று ஆண்டுகளாக வீசிங் தொல்லை. காலையும் இரவும் ஸ்பேசர் (பம்பை மாட்டி மருந்தை உள்ளிழுக்கும் குழாய்) வைத்துப் பம்ப் கொடுக்கிறோம். ஜூன் மாதம் ஐதராபாத்தில் கொடுக்கும் மீன் மருந்துக்கு அவனை அழைத்துப் போகச் சொல்லி என் நாத்தனார் வற்புறுத்துகிறார். அவருடைய மகனுக்கு அதில்தான் சரியானதாம். நேரில் போக முடியாதவர்களுக்கு அதே மருந்தைப் பொடியாகக் கூரியரில் அனுப்பும் ஒருவரையும் அவருக்குத் தெரியும். மருந்து கொடுத்த பிறகு பம்பை நிறுத்திவிடலாமா?
– ஒரு வாசகி, வேலூர்

பதில்: நிறுத்தக் கூடாது. ஐதராபாத்துக்குப் போவதும் போகாதிருப்பதும் உங்கள் குடும்பம் முடிவு செய்ய வேண்டியது. ஆனால் போனாலும் வந்தாலும் பம்ப் உங்கள் கைப்பையில் இருக்க வேண்டும், வேளை தவறாமல் கொடுக்கவும் வேண்டும்.

நீங்கள் கேட்கும் மீன் மருந்து, ஜூன் தொடக்கத்தில் வரும் மிருகசீரிஷக் கார்த்தி நாளில் ஐதராபாத்தின் நாம்பள்ளி பொருட்காட்சி மைதானத்தில் ஒரு குடும்பத்தார் பல தலைமுறைகளாக இலவசமாகக் கொடுத்து வருவது. இரண்டு மூன்று அங்குல நீளமுள்ள உயிருள்ள விரால் குஞ்சின் வாயில் மஞ்சள் நிற மூலிகைப் பசையை வைத்து, அந்த மீனை அப்படியே நோயாளியின் தொண்டைக்குள் இறக்கிவிடுவார்கள். சைவர்களுக்கு வெல்லத்தில் வைத்துத் தருவார்கள். பிறகு 45 நாள் பத்தியம், மூன்று ஆண்டுகள் தொடர்ந்து வர வேண்டும் என்ற நிபந்தனை. பசையில் என்ன இருக்கிறது என்பது குடும்ப ரகசியம். இளைப்பு உள்ள எட்டு வயதுப் பையனின் தொண்டையில் துள்ளும் மீனை இறக்குவதற்கு நான் ஒருபோதும் சம்மதிக்க மாட்டேன். அது மூச்சுக்குழாய்ப் பக்கம் திரும்பிவிட்டால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

உங்கள் நாத்தனார் பொய் சொல்கிறார் என்று நான் நினைக்கவில்லை. சிறு வயதில் வீசிங் வரும் பிள்ளைகளில் பலருக்கு வளர வளர அது தானாகவே குறைந்துவிடுகிறது. மூன்று ஆண்டுகள் எந்த மருந்தைக் கொடுத்தாலும் அந்த மூன்று ஆண்டுகளில் பிள்ளையும் வளர்ந்திருக்கும். அதோடு, நோய் மிகவும் முற்றி, இனிப் பொறுக்க முடியாது என்ற நிலையில்தான் யாரும் ரயிலேறுகிறார்கள். ஏறி இறங்கும் நோயில் உச்சத்துக்கு அடுத்து வருவது இறக்கம்தான். அந்த இறக்கம், கடைசியாகச் சாப்பிட்டது எதுவோ அதன் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. இவற்றுக்கு மேல் இருப்பதுதான் மருத்துவர்களாகிய நாங்கள் மருந்துப்போலி விளைவு என்று சொல்வது: மருந்தே இல்லாத ஒன்றை மருந்தென்று நம்பிச் சாப்பிடும்போது உண்மையாகவே உடம்பு தேறியதாகத் தோன்றுவது.

இந்த விளைவு ஆஸ்துமாவில் எவ்வளவு தூரம் போகும் என்பதை அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் நடத்தி, 2011-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு அளந்தே காட்டியது. 39 நோயாளிகளுக்கு வெவ்வேறு நாள்களில் மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் மருந்துள்ள உண்மையான பம்ப், மருந்தில்லாத வெறும் பம்ப், பாவனையான அக்குபஞ்சர் ஆகியவற்றை மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். சில நாள்களில் எதுவும் கொடுக்காமல் உட்கார வைத்தார்கள். எவ்வளவு தேறியது என்று கேட்டபோது, உண்மையான பம்புக்கு 50 சதவீதம் என்றும், வெறும் பம்புக்கு 45 சதவீதம் என்றும், பாவனை அக்குபஞ்சருக்கு 46 சதவீதம் என்றும் சொன்னார்கள். ஆனால் ஊதச் சொல்லிக் கருவியில் அளந்தபோது, உண்மையான மருந்தில் மூச்சின் அளவு 20 சதவீதம் உயர்ந்திருந்தது. மற்ற இரண்டிலும், சும்மா உட்கார்ந்திருந்த நாளிலும், ஏறக்குறைய 7 சதவீதம்தான். அதாவது, மூச்சு முட்டும் உணர்வை நம்பிக்கை தணித்தது. சுருங்கிய குழாயை அது விரிக்கவில்லை. தலைவலியிலோ முதுகுவலியிலோ உணர்வு தணிந்தால் அதுவே பெரிய லாபம். ஆஸ்துமாவில் உணர்வு மட்டும் தணிவது ஆபத்து, ஏனென்றால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய நேரத்தைச் சொல்வதே அந்த உணர்வுதான்.

பிள்ளைகள் விஷயத்தில் இன்னொரு சிக்கல், நம்புவது பிள்ளையல்ல, தாய். மகன் நன்றாக இருக்கிறானா என்று கேட்டால் பதில் சொல்லப்போவது நீங்கள்தான். ஆகவே பீக் ஃப்ளோ மீட்டர் என்ற சிறிய பிளாஸ்டிக் குழாயை மருந்துக் கடையில் வாங்கி, தினமும் காலையில் பம்ப் கொடுப்பதற்கு முன் அவனை நிற்க வைத்து மூன்று முறை பலமாக ஊதச் சொல்லி, மூன்றில் பெரிய எண்ணை நாட்காட்டித் தாளிலேயே எழுதி வையுங்கள். அவன் நன்றாக இருந்த நாள்களில் வந்த மிகப் பெரிய எண்ணில் 80 சதவீதத்துக்குக் கீழே போனால் மருத்துவரைப் பாருங்கள். பாதிக்குக் கீழே போனால் நீலப் பம்பை (சால்பியூட்டமால் உள்ள அவசரப் பம்ப்) கொடுத்துக்கொண்டே உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இனி, எனக்கு உண்மையில் கவலை தருவது அந்தக் கூரியர் பொடி. மைதானத்தில் கொடுப்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று நம்பாதீர்கள். இப்படி ஒரு தரகர் கொடுத்த பொட்டலத்தை ஒரு தாய் என்னிடம் கொண்டுவந்தார்: பழுப்புக் காகிதத்தில் மடித்த முப்பது பொட்டலங்கள், பெயரில்லை, தேதியில்லை, தயாரித்தவர் முகவரியில்லை. இரண்டே நாளில் பிள்ளைக்கு இளைப்பு நின்றுவிட்டதென்று அவர் மகிழ்ச்சியோடு சொன்னார். பிள்ளையின் முகம் பூரி மாதிரி உப்பியிருந்தது. நம்பிக்கை முகத்தை உப்ப வைக்காது. இரண்டு நாளில் இளைப்பை நிறுத்தும் பொடியில் பெரும்பாலும் பொடித்த ஸ்டீராய்டு மாத்திரைதான் இருக்கும். பம்பில் ஸ்டீராய்டு இருக்கிறது, பழகிவிடும் என்று உங்களைப் பயமுறுத்துகிறவரே அதை விற்கிறார் என்பதுதான் எனக்கு ஆத்திரமூட்டுகிறது. உங்கள் மகனின் வயதில் பம்ப் வழியாக ஒரு நாளைக்குப் பெரும்பாலும் 100 முதல் 200 மைக்ரோகிராம் வரை போகிறது, அதுவும் நேராக நுரையீரலுக்கு. பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டின் ஒரு சிறிய மாத்திரையில் 5 மில்லிகிராம், அதாவது 5,000 மைக்ரோகிராம், உடம்பு முழுவதும் பரவுகிறது. இரண்டின் வீரியமும் ஒன்றல்ல என்றாலும் கணக்கு உங்களுக்குப் புரியும். கடுமையான இளைப்பில் நாங்களும் அந்த மாத்திரையைக் கொடுப்போம், நாள்களை எண்ணிக் கொடுப்போம்.

ஆஸ்துமாவைக் குணப்படுத்தும் என்று எந்த மருந்தும் உரிமை கொண்டாடக் கூடாது என்று மருந்துகள் விதிகளின் 'ஜே' அட்டவணை வெகுகாலமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. பேருந்து நிலையச் சுவரில் 'ஆஸ்துமா நிரந்தரத் தீர்வு' என்ற சுவரொட்டியும் வெகுகாலமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. கிழிப்பதற்கு ஆளில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் சொல்வதை மிகக் கவனமாகப் படியுங்கள். பொடியை நீங்கள் இன்னும் தொடங்கவில்லை என்றால் தொடங்காதீர்கள், அவ்வளவுதான். ஆனால் ஏற்கெனவே இரண்டு மூன்று வாரங்களாகக் கொடுத்து வந்திருந்தால், இதைப் படித்த பயத்தில் பொட்டலத்தைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டிருக்கும்போது, அதைத் தானாகச் சுரக்கும் அட்ரீனல் சுரப்பி வேலையை நிறுத்திவிடுகிறது. பொடியைச் சட்டென்று நிறுத்தினால் அது உடனே விழித்துக்கொள்ளாது. அந்த இடைவெளியில் ஒரு சாதாரணக் காய்ச்சலோ வாந்தியோ வந்தால்கூடப் பிள்ளைக்கு இரத்த அழுத்தமும் சர்க்கரையும் இறங்கி மயங்கி விழக்கூடும். எனவே அன்றைக்கே மீதிப் பொட்டலங்களோடு பிள்ளையை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். எத்தனை நாள், ஒரு நாளைக்கு எத்தனை வேளை என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். அவர் திட்டினாலும் பொறுத்துக்கொள்ளுங்கள். உரிய மருந்தை அளவு தெரிந்து கொடுத்து, படிப்படியாகக் குறைத்து, தேவைப்பட்டால் காலை வேளையில் கார்ட்டிசால் (அட்ரீனல் தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டு) பரிசோதனையும் செய்து, அதன் பிறகுதான் நிறுத்த வேண்டும்.

திட்டுவதைப் பற்றிச் சொன்னதால் எங்கள் பக்கத்துக் குறையையும் சொல்லிவிடுகிறேன். கூட்டம் நிரம்பிய புறநோயாளிப் பிரிவில் நெபுலைசர் வைத்து, சிரப் எழுதி, இரண்டு நிமிடத்தில் அனுப்பிவிடுகிறோம். ஸ்பேசரை முகத்தில் எப்படி வைப்பது என்று காட்டுவதற்குக்கூட நேரம் ஒதுக்குவதில்லை. தரகர் அரை மணி நேரம் உட்கார்ந்து கேட்கிறார். அடுத்த முறை போகும்போது மருத்துவர் முன்னாலேயே ஒரு முறை பம்ப் கொடுத்துக் காட்டி, சரியா என்று கேளுங்கள். மருந்து கேட்கவில்லை என்று வரும் பிள்ளைகளில் பலருக்கு மருந்து வாயிலேயே தங்கிவிடுவதுதான் காரணமாக இருக்கிறது. மூன்று மாதங்கள் எண்கள் ஏறி ஒரே நிலையில் நின்றால், பம்பின் அளவைக் குறைக்கலாமா என்பதை அந்த நாட்காட்டித் தாள்களை வைத்து அவரே முடிவு செய்வார்.