முதல் 2,500 டாலரை எதில் போடுவது?

அன்புள்ள அண்ணாவுக்கு,

எனக்கு வயது 26, ஸ்கார்பரோவில் இருக்கிறேன். போன மாதம் 2001 மாடல் மாஸ்டா எம்எக்ஸ்-5 ஒன்று வாங்கினேன். 1.8 லிட்டர், ஐந்து கியர், 1,68,000 கி.மீ. ஓடியது. பள்ளிக்கூடக் காலத்திலிருந்து ஆசைப்பட்ட வண்டி. அதை இன்னும் வேகமாக்க 2,500 டாலர் ஒதுக்கி வைத்திருக்கிறேன். பெரிய ஏர் ஃபில்டர், நல்ல சத்தம் வரும் சைலன்சர், வண்டியைக் கீழே இறக்கும் சஸ்பென்ஷன் செட், பெரிய பிரேக் டிஸ்க் என்று நான்கு சாமான் குறித்திருக்கிறேன். நான்குக்கும் காசு போதாது. எதை முதலில் வாங்கலாம்? அடுத்த கோடையில் பந்தய டிராக்குக்கும் போக ஆசை. நண்பர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், ஸ்கார்பரோ

அன்புள்ள தம்பி,

நல்ல வண்டி வாங்கியிருக்கிறீர்கள், வாழ்த்துகள். நீங்கள் குறித்த நான்கில் ஒன்றைக்கூட இந்த வருடம் வாங்காதீர்கள். இதே வண்டியில் நான் தலைகீழாகத் தொடங்கிப் பணத்தையும் ஒரு முழுக் கோடையையும் இழந்தவன். அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

என்னுடையது 1999 மாடல். வாங்கிய இரண்டாவது வாரமே மலிவான சஸ்பென்ஷன் செட் ஒன்றை மாட்டினேன். வண்டி நன்றாக இறங்கி நின்றது, பார்க்க அழகாகவும் இருந்தது. ஆனால் நெடுஞ்சாலைப் பாலங்களின் இணைப்புகளில் ஏறும்போதெல்லாம் முதுகில் அடித்தது. வளைவின் நடுவில் சின்ன மேடு வந்தாலும் பின்பக்கம் ஒரு சாண் தள்ளிப் போய் விழும். இந்த வண்டியின் சக்கரம் மேலும் கீழும் போய்வர இடம் ஏற்கெனவே குறைவு. இறக்கினால் அதுவும் போய், அடியில் முட்டாமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பரின் மேலேயே வண்டி உட்கார்ந்துவிடும். மூன்று மாதம் இதோடு மல்லுக்கட்டிய பிறகு, வயதான மெக்கானிக் ஒருவர் குனிந்து டயரைப் பார்த்து, "இது ஒன்பது வருஷ டயர்" என்றார். பட்டன், அதாவது டயர் மேலுள்ள பள்ளங்கள், ஆழமாகத்தான் இருந்தது, ரப்பர்தான் கட்டையாகிப் போயிருந்தது. சஸ்பென்ஷனில் நான் தேடிய குறையில் பாதி அந்த டயரில்தான் இருந்திருக்கிறது.

ஆகவே இன்றே செய்ய வேண்டிய வேலை ஒன்று. டயரின் பக்கவாட்டில் டாட் (DOT) என்ற எழுத்துகளுக்குப் பின்னால் ஒரு வரிசை எண் இருக்கும், அதன் கடைசி நான்கு இலக்கத்தைப் படியுங்கள். 2317 என்றிருந்தால் 2017ஆம் ஆண்டின் 23வது வாரம் செய்த டயர். சில டயர்களில் முழு எண்ணும் உள்பக்கம்தான் இருக்கும், படுத்துப் பார்க்க வேண்டி வரும். ஆறேழு வருடத்தைத் தாண்டியிருந்தால் பட்டன் எவ்வளவு மிச்சமிருந்தாலும் மாற்றிவிடுங்கள். ஓட்டத்தை மேம்படுத்தச் செய்யும் முதல் செலவு அதுதான்.

பெரிய பிரேக் டிஸ்க் ஏன் வேண்டாம் என்பதும் இதிலேயே வருகிறது. ஆளில்லாத, விரிந்த இடம் ஒன்றில் வண்டியை ஓட்டிப் பிரேக்கை முழு பலத்தோடு மிதித்துப் பாருங்கள். சக்கரம் இறுகாமல் தடுக்கும் ஏபிஎஸ் உதறும். ஏபிஎஸ் இல்லாத வண்டியென்றால் சக்கரம் இறுகி வழுக்கும். அப்படியானால் பிரேக் தன் வேலையைச் செய்து முடித்துவிட்டது என்றுதான் பொருள், அதற்கு மேல் தாங்க முடியாமல் போனது டயர். அந்த டயரோடு எவ்வளவு பெரிய டிஸ்க் மாட்டினாலும் வண்டி ஓரடி முன்னதாகக்கூட நிற்காது. பெரிய டிஸ்க்கின் உண்மையான பலன், திரும்பத் திரும்பப் பிரேக் போடும்போது எழும் சூட்டைத் தாங்குவது. சுமார் 1,070 கிலோ எடையுள்ள வண்டிக்கு, ஓட்டிப் பழகும் முதல் வருடத்தில், கம்பெனி கொடுத்த டிஸ்க்கே தாராளம்.

டிராக்கில் உண்மையில் காலை வாருவது பிரேக் ஆயில்தான். வேகம் கூடக் கூட பிரேக் விழுங்க வேண்டிய சக்தி வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 100 கி.மீ. வேகத்திலிருந்து நிறுத்துவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு சூடு, 140லிருந்து நிறுத்தும்போது. பிரேக் ஆயிலோ காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். டாட் 4 என்ற தரத்து பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரம் ஏறிய நிலையில் அதே ஆயிலுக்கு விதி கேட்பது 155 டிகிரிதான். கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழி உண்டாகும், குமிழி அமுங்கும், பெடல் தரைவரை போய்விடும், வண்டி நிற்காது. முந்தைய சொந்தக்காரர் கடைசியாக எப்போது ஆயில் மாற்றினாரோ தெரியாது. ஒரு லிட்டர் நல்ல டாட் 4 வாங்கி நான்கு சக்கரத்திலும் பழையதை வெளியேற்றிப் புதியதை நிரப்பச் சொல்லுங்கள். டாட் 5 என்று எழுதியதை மட்டும் தொடாதீர்கள். அது சிலிக்கோன், உங்கள் வண்டியில் இருப்பதோடு சேராது. டாட் 5.1 வேறு, அதை ஊற்றலாம். கூடவே டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் நல்ல பிரேக் பேட் ஒரு செட் போட்டுக்கொள்ளுங்கள். பந்தயத்துக்கென்றே செய்த பேட் வேண்டாம். அது சூடேறினால்தான் பிடிக்கும், காலையில் வீட்டை விட்டுக் கிளம்பி முதல் சிக்னலில் பிடிக்காது.

டயரில் எதை வாங்குவது? உங்களுடையது 15 அங்குல வீல் என்றால் 195/50 அல்லது 205/50 என்ற அளவு. 17 அங்குலத்துக்குப் போகாதீர்கள், எடை கூடிச் சக்கரம் மந்தமாகும். டயரில் ட்ரெட்வேர் என்று, தேய்மானத்தைக் காட்டும் ஓர் எண் போட்டிருப்பார்கள். டிராக் ஆட்கள் 200 உள்ளதைத்தான் வாங்கச் சொல்வார்கள், அது பசை மாதிரி ஒட்டும். முதல் செட்டுக்கு நான் 300ஐ ஒட்டிய சாதாரணக் கோடை டயரைத்தான் சொல்வேன். எல்லையை நெருங்கும்போது அது முன்கூட்டியே கீச்சிடும், மெல்ல மெல்ல நழுவும். வண்டி பேசுவதைக் கேட்கப் பழக அதுதான் வசதி. ஒட்டும் டயர் உங்கள் தப்பையெல்லாம் மூடி மறைத்துவிட்டு, ஒரேயடியாகக் கைவிடும். காற்று விஷயத்தில் இன்னொன்று. கடைகளில் வழக்கமாக 32, 35 என்று அடித்து அனுப்புவார்கள். கதவுப் பக்கத்து ஸ்டிக்கரைப் பாருங்கள், இந்த வண்டிக்கு 26 பிஎஸ்ஐ என்று இருக்கும். காசில்லாமல் கிடைக்கும் முதல் முன்னேற்றம் அது.

அப்புறம் அலைன்மென்ட், அதாவது சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது. இந்த வண்டியின் நான்கு சக்கரத்திலும் கேம்பர் என்ற சாய்வுக் கோணத்தை மாற்றலாம், இந்த விலை வண்டியில் அது பெரிய வரம். இருபது வருடத்துக்கு மேல் ஒன்டாரியோ உப்பில் ஓடியதால் அந்த போல்ட்டுகள் துருவேறி இறுகியிருக்கலாம், முன்கூட்டியே எண்ணெய் அடித்து ஊறவிடுங்கள். உங்கள் எடையளவுக்குச் சுமையை டிரைவர் சீட்டில் வைத்து அலைன்மென்ட் பார்க்கச் சம்மதிக்கும் கடையாகத் தேடுங்கள். இவ்வளவு இலேசான வண்டியில் ஓர் ஆளின் எடை அளவை மாற்றிவிடும்.

இதற்கெல்லாம் முன்னால் பார்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது. எஞ்சின் வால்வுகளை நேரத்துக்கு இயக்கும் டைமிங் பெல்ட்டை மாற்றியதற்கு ரசீது இருக்கிறதா? இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். வாட்டர் பம்ப்பையும் சேர்த்து மாற்றிவிடலாம், இரண்டுக்கும் பிரிக்கும் வேலை ஒன்றுதான். ரேடியேட்டரின் மேல் தொட்டி பிளாஸ்டிக். கறுப்பாக இருக்க வேண்டியது பழுப்பேறியிருந்தால் வெடிக்கும் நாள் நெருங்குகிறது. துணிக்கூரையின் பின்புறத்திலிருந்து தண்ணீர் வடிய இரண்டு பக்கமும் துளை உண்டு. இலை விழுந்து அடைத்தால் தண்ணீர் உள்ளே தேங்கி, பின்சக்கரத்துக்கு முன்னால், கதவுக்குக் கீழேயுள்ள தகடு உள்ளிருந்தே அரித்துப் போகும். ஒரு குவளைத் தண்ணீர் மெதுவாக ஊற்றிக் கீழே வருகிறதா பாருங்கள். உங்கள் பணத்தில் பாதி இந்தப் பத்தியிலேயே தீர்ந்தாலும் வருந்தாதீர்கள். 2001இல் அந்த வண்டி எப்படி ஓடியதோ அப்படி ஓடவைப்பதே பெரிய மாற்றமாகத் தெரியும்.

ஏர் ஃபில்டர், சைலன்சர் பற்றி ஒரு பழைய கதை. உங்கள் மாடல் வண்டியை அமெரிக்காவில் 155 குதிரைத்திறன் என்று மாஸ்டா விளம்பரப்படுத்தியது. உண்மையில் 142தான் என்று பிறகு ஒப்புக்கொண்டு, வேண்டாம் என்றவர்களிடம் வண்டியைத் திரும்ப வாங்கிக்கொள்வதாகவும் அறிவித்தது. அந்த 13 குதிரைத்திறனில் பாதியைக்கூட ஃபில்டரும் சைலன்சரும் சேர்ந்து தராது. டர்போ இல்லாமல் தானாகக் காற்றிழுக்கும் சின்ன எஞ்சினில் அவ்வளவுதான் இடம். சத்தம் பிடிக்கும் என்றால் சத்தத்துக்காகவே பின்னொரு நாள் வாங்குங்கள், அதில் தப்பில்லை. டர்போ என்று யாராவது ஆரம்பித்தால் கிளட்ச், குளிரூட்டல், ஈசியு எனும் எஞ்சின் கணினி என்று கணக்கு உங்கள் 2,500ஐப் பல மடங்கு தாண்டிவிடும்.

மிச்சமாகும் பணம் ஓட்டுவதற்கு. நேராக டிராக்குக்குப் போக வேண்டாம். ஒன்டாரியோவில் கோடை முழுக்க ஆட்டோஸ்லாலம் நடக்கும். பெரிய வாகன நிறுத்துமிடத்தில் கூம்பு வைத்து, பெரும்பாலும் இரண்டாம் கியரில் ஓட்டுவது. கட்டணம் குறைவு, தப்பு செய்தால் கூம்புதான் சாயும். ஹெல்மெட் மட்டும் நல்லதாக வாங்குங்கள். அனுபவசாலிகள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தருவார்கள், கூச்சப்படாமல் கேளுங்கள். போமன்வில் பக்கத்திலுள்ள மோஸ்போர்ட், இப்போது கனேடியன் டயர் மோட்டார்ஸ்போர்ட் பார்க், 1961இலிருந்து இருக்கும் களம். பத்துத் திருப்பம், ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர். ஏற்ற இறக்கத்தோடு மிக வேகமானது, தப்பை மன்னிக்காதது. அங்கே இரண்டாம் வருடம் போகலாம். கூரை திறக்கும் வண்டிகளுக்குப் வண்டி கவிழ்ந்தால் தலையைக் காக்கும் ரோல் பார் என்ற இரும்புக் கம்பியைப் பல அமைப்பாளர்கள் கேட்பார்கள், அதற்கும் இப்போதே சேமிக்கத் தொடங்குங்கள்.

வண்டியில் எதை மாற்றினாலும் இன்சூரன்ஸ்காரர்களிடம் சொல்லிவிடுங்கள். டிராக்கில் நடப்பதற்குச் சாதாரண பாலிசி பொறுப்பேற்கும் என்று நம்பாதீர்கள். பொதுச்சாலையில் சோதித்துப் பார்க்கும் எண்ணமும் வேண்டாம். 80க்குக் கீழான வரம்புள்ள சாலையில் 40 கி.மீ. கூடுதலாகப் போனாலே ஒன்டாரியோவில் அது ஸ்டண்ட் டிரைவிங். அந்த இடத்திலேயே 30 நாள் லைசென்ஸ் போகும், 14 நாள் வண்டியும் போகும். மனிதர்கள் நடக்கும் சாலை என்பது அதைவிடப் பெரிய காரணம்.

நவம்பர் வந்ததும் வண்டியை உள்ளே விட்டுவிடுங்கள். ஏழு டிகிரிக்குக் கீழே கோடை டயர் இறுகிப் பிடிப்பை இழக்கும், சாலை உப்பு மீதியைத் தின்னும்.

டயரின் அந்த நான்கு இலக்கத்தையும், டைமிங் பெல்ட் ரசீது கிடைத்ததா என்பதையும் எழுதி அனுப்புங்கள் தம்பி. அந்த இரண்டும் தெரிந்தால் உங்கள் 2,500ஐ எப்படிப் பிரிப்பது என்று டாலர் கணக்காகவே உட்கார்ந்து போட்டுவிடலாம்.

அன்புடன்,
அண்ணன்